கொல்லிமலை வீட்டுக் கொல்லைகளில் பழமரம் வளர்த்தல்

நாமக்கல் ஜில்லாவைச் சேர்ந்த கொல்லிமலை, கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்து, மேற்பகுதியில் குன்றுகளும் பள்ளத்தாக்குகளும் ஓடைகளும் கலந்து விளங்கும் பிரதேசமாகும். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவ மழைகளும் இம்மலைக்குக் கிடைக்கின்றன. பலா, மலைவாழை, அன்னாசி ஆகிய மூன்றும் இங்குச் செழித்து விளைவதைச் சமவெளியிலுள்ளோரும் நன்கறிவர். சோளக்காட்டுச் சந்தையில் இப்பழங்களை வாங்குவதற்காகவே வியாபாரிகள் மலையேறி வருகின்றனர்.

இவ்வளவு இருந்தும், குடியானவரின் வீட்டை ஒட்டிய கொல்லை நிலம் பல இடங்களில் வெறுமையாகக் கிடப்பதைக் காணலாம். தோட்டத்துப் பழம் சந்தைக்குச் செல்கிறது. குழந்தைகளுக்கு அது கிட்டுவது ஆண்டில் சில வாரங்களே. மரத்தைப் பிஞ்சிலேயே மொத்தமாக விலை பேசிவிட்டவர் வீட்டில் அதுவும் இல்லை. “பழமரம் வைத்துப் பார்க்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை” என்பதே இதற்குப் பெரும்பாலோர் கூறும் காரணம். இக்காரணம் ஆராயத்தக்கது. மரவள்ளிக்கும் மிளகுக்கும் ஆண்டுதோறும் உழைக்கவேண்டும். வீட்டுப் பழமரத்துக்கோ உழைப்பில் பெரும்பங்கு முதல் இரண்டு ஆண்டுகளோடு முடிந்துவிடுகிறது. அவ்வுழைப்பும் தக்க காலத்தில் செய்தால் மிகவும் சொற்பம். காலந்தவறினால் பன்மடங்கு உழைத்தும் பயன் இல்லை.

வீட்டருகில் வைப்பதன் அனுகூலம்

தோட்டத்தில் நிற்கும் கன்றுக்குத் தண்ணீர் சுமந்து செல்லவேண்டும். எருவைக் கூடையில் எடுத்துப் போகவேண்டும். ஆடுமாடுகள் மேயாதபடியும் குரங்குகள் பழத்தைப் பாழாக்காதபடியும் காவல் இருக்கவேண்டும். வீட்டுக் கொல்லையில் நிற்கும் கன்றுக்கு இம்மூன்றும் எளிதிற் கிடைக்கின்றன. அரிசியும் காய்கறியும் கழுவிய நீர், அடுப்புச் சாம்பல், தொழுவத்துக் குப்பை ஆகியவை நாள்தோறும் வீட்டிலேயே உண்டாகின்றன. வீட்டிலுள்ளோர் போகவர இருப்பதே காவலாகிறது. ஆகவே குறைந்த பிரயாசையில் பழம் வேண்டுவோர் முதலிற் கவனிக்கவேண்டியது, மரத்தை வீட்டு நடமாட்டத்துக்கு உட்பட்ட இடத்தில் வைப்பதேயாகும். சவர்க்காரமும் துணி வெளுக்கும் பொடியும் கலந்த நீரை மட்டும் கன்றுகளுக்கு விடலாகாது.

எந்த மரங்களை வைக்கலாம்

வீட்டைச் சுற்றி 5 சென்ட் நிலம் உள்ளவர் ஒரு பலா, இரண்டு கொய்யா, ஓர் எலுமிச்சை, மூன்று வாழைக் குத்துகள், இரண்டு வரிசை அன்னாசி ஆகியவற்றை வைக்கலாம். இடம் மிகுதியாக உள்ளவர் இவற்றோடு ஒரு வெண்ணெய்ப் பழ மரத்தையும், நல்ல கன்று கிடைத்தால் ஒரு கமலா ஆரஞ்சு மரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். பப்பாளி மலையின் தாழ்ந்த, வெயில் படும் இடங்களில் நன்கு பழுக்கும். குளிர் மிகுந்த உயரங்களில் பழத்தின் இனிப்புக் குறையும்.

பலா பெரிதாக வளர்வதாகையால் வீட்டுச் சுவரிலிருந்து 25 அடிக்குக் குறையாத தூரத்தில், கொல்லையின் மூலையில் வைக்கவேண்டும். நடைபாதைக்கு மேல் கிளை பரவும்படி வைத்தல் அபாயமாகும். கொய்யாவுக்கும் எலுமிச்சைக்கும் 15 அடி இடைவெளி போதும். சமையற்கட்டு நீர் வடியும் இடம் வாழைக்கு ஏற்றது. அதே இடத்தில் பப்பாளியை வைத்தால் வேர் அழுகி மாய்ந்துவிடும். பப்பாளி தேங்கிய நீரைச் சிறிதும் தாங்காது. அன்னாசியைச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாக நடவேண்டும். அவ்வரிசை மழைநீரின் வேகத்தைத் தடுத்து மேல்மண்ணை நிறுத்துவதால், பழத்தோடு மண்காப்பும் கிடைக்கிறது.

குழி வெட்டுதல்

சித்திரை, வைகாசி மாதங்களில் கோடைமழை பெய்து மண் இளகியிருக்கும்போது குழிகளை வெட்டிவிடவேண்டும். பலாவுக்கு நீளம், அகலம், ஆழம் மூன்றும் 3 அடி. கொய்யாவுக்கும் எலுமிச்சைக்கும் 2 அடி. மேல் ஓரடி மண்ணைத் தனியாகவும், அடிமண்ணைத் தனியாகவும் குவிக்கவேண்டும். குழி மூன்று வாரம் வெயிலில் ஆறியபின், மேல்மண்ணோடு நன்கு மக்கிய தொழு எரு இரண்டு கூடையும் சிறிது சாம்பலும் கலந்து நிரப்பவேண்டும். மக்காத சாணத்தை இட்டால் கறையான் சேரும், வேரும் வெந்துபோகும். நிரப்பிய மண் பின்னர் அமிழுமாதலால், சுற்று நிலத்தைவிட அரையடி உயரமாக நிரப்புவது நலம்.

சரிவில் குழி வெட்டுவோர், குழியைச் சுற்றி 4 அடி அகலமுள்ள சிறு மேடையைச் சமன்செய்து, பள்ளப் பக்கத்தில் பிறைவடிவமாகக் கரை கட்டவேண்டும். மேட்டிலிருந்து வரும் நீர் அக்கரையில் சற்று நின்று மண்ணில் இறங்கும். வடகிழக்குப் பருவத்தில் மழை மிகும்போது, கரையின் ஓரத்தில் ஒரு சிறு வாய் திறந்துவிட்டால் நீர் தேங்காது.

நடும் காலம்

கொல்லிமலையில் வல்வில் ஓரியின் பெயரால் விழா நடக்கும் ஆடி 17, 18-ஆம் தேதிகளை நடவுக்கு அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். ஆடிப் பெருக்கு முதல் ஆவணி முடிவுக்குள் நட்ட கன்று, தென்மேற்குப் பருவத்தின் பின்மழையில் வேர்பிடித்து, வடகிழக்குப் பருவம் முழுவதும் வளர்ந்து, கோடை வருமுன் உறுதி பெறும். தை மாதத்தில் நட்ட கன்று வேர்பிடிக்குமுன் வெயிலைச் சந்திக்கும். அக்கன்றுக்கு ஊற்றும் நீரில் பாதி, காலந்தவறியதற்குக் கட்டும் அபராதமே.

கன்றின் தாய்மண் உடையாமல் பையைக் கிழித்து எடுத்து, முன்பு பையில் இருந்த ஆழத்துக்கே நடவேண்டும். ஒட்டுக் கன்றில் ஒட்டிய இடம் மண்ணுக்கு மேல் அரையடியாவது இருத்தல் வேண்டும். ஒட்டுக்குக் கீழே துளிர்க்கும் கிளைகளை அவ்வப்போது கிள்ளிவிடாவிட்டால், அடிக்கன்று மேலோங்கி ஒட்டு அழிந்துவிடும்.

விதைக் கன்றா, ஒட்டுக் கன்றா

பலா அயல்மகரந்தச் சேர்க்கையால் காய்ப்பதாகையால், ஒரு மரத்தின் கொட்டையை நட்டால் தாய்மரத்தின் சுவையே வரும் என்று உறுதி கூற இயலாது. ஒட்டுக் கன்று தாய்மரத்தின் குணத்தை அப்படியே கொண்டிருப்பதோடு 3 அல்லது 4 ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். பாலூர்-1, பேச்சிப்பாறை-1 ஆகியவை தமிழ்நாட்டில் தேர்ந்தெடுத்து வெளியிடப்பட்ட பலா ரகங்கள். விதைக் கன்று காய்க்க 7, 8 ஆண்டுகள் ஆகலாம்.

ஆயினும் தண்ணீர் வசதி சிறிதும் இல்லாத சரிவுகளுக்கு விதையே சிறந்தது. பலாவின் ஆணிவேர் நேராக ஆழத்தில் இறங்கும் இயல்புடையது. பையில் நாட்பட வளர்ந்தால் அது சுருண்டுபோகும். ஆகவே நல்ல மரத்தின் பழத்திலிருந்து எடுத்த கொட்டைகளில் பெரியவை நான்கைக் கழுவி, தயார்செய்த குழியிலேயே ஊன்றி, ஓராண்டு கழித்து வீரியமுள்ள ஒன்றை மட்டும் நிறுத்தி மற்றவற்றை அறுத்துவிடலாம். பலாக்கொட்டை காய்ந்தால் முளைக்கும் சக்தியை விரைவில் இழக்குமாதலால், பழம் அறுத்த சில நாட்களுக்குள் ஊன்றிவிடுவது நலம். இம்முறைக்குச் செலவில்லை, ஊரில் பேர்பெற்ற பழைய பலா மரங்களின் வமிசமும் இதனால் அழியாமல் காக்கப்படும்.

கொய்யாவை விண்பதியக் கன்றாகவே வாங்கவேண்டும். லக்னோ-49 இங்கு யாவரும் அறிந்த ரகம். பதியக் கன்று இரண்டு, மூன்று ஆண்டுகளில் காய்க்கும். எலுமிச்சை விதையிலிருந்து பெரும்பாலும் தாய்மரத்தை ஒத்த கன்றுகளே முளைப்பதால், நோயற்ற நல்ல மரத்தின் விதைக் கன்றை வைப்பதில் நஷ்டமில்லை.

நோயுள்ள கன்றால் வரும் கேடு

பிரயாசையைக் குறைக்க எண்ணி, வழியில் விற்பவரிடமோ நலிந்த மரத்தடியிலோ கிடைத்த கன்றை வைப்பது பெருங்கேடாக முடியும். கீழ்ப்பழனி மலையின் புகழ்பெற்ற விருப்பாட்சி வாழை இதற்கு ஒரு சான்று. முடிக்கொத்து நோய் 1970-களில் அம்மலைத் தோட்டங்களில் பரவி, பெரும் பரப்பிலிருந்த அவ்வாழையைச் சிறு பரப்பாகக் குறைத்துவிட்டது. அந்நோய் அசுவினிப் பூச்சியால் குத்துக்குக் குத்து பரவுவதோடு, நோயுள்ள பக்கக் கன்றை வேறிடம் கொண்டுசென்று நடுவதாலும் பரவுகிறது. இலைகள் சிறுத்து, நிமிர்ந்து, நுனியில் கொத்தாக நெருங்கி நிற்கும் வாழையைக் கண்டால், கிழங்கோடு தோண்டி அழித்துவிடவேண்டும். அதற்கு மருந்து இல்லை. அக்குத்திலிருந்து ஒரு கன்றும் எடுக்கலாகாது.

கொல்லிமலைக்குரிய மனோரஞ்சிதம், கருவாழை முதலிய வாழைகளும் பக்கக் கன்றாலேயே பெருக்கப்படுவதால், இவ்வெச்சரிக்கை அவற்றுக்கும் பொருந்தும். இவை வேறெங்கும் எளிதிற் கிடைக்காதவை. ஒரு குடியானவர் கவனமின்றிக் கொணரும் ஒரு கன்று, ஊரார் அனைவருடைய வாழைக்கும் கேடாகலாம். வாழைச் சாகுபடியில் ஐயம் உள்ளவர்களுக்கு யோசனை கூறத் திருச்சிராப்பள்ளியில் 1993-ஆம் ஆண்டில் ஏற்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

கமலா ஆரஞ்சின் நிலையும் இத்தகையதே. இலை மஞ்சளித்து, கிளை நுனியிலிருந்து காய்ந்து, பழம் சிறுத்து மரம் படிப்படியாக நலிவதற்குப் பசுமை நோய் ஒரு முக்கிய காரணம். நோயுள்ள மரத்தின் மொட்டை எடுத்து ஒட்டுவதாலும், சில்லிடு என்னும் சாறுண்ணிப் பூச்சியாலும் அது பரவுகிறது. விதை வழியாகப் பரவுவதில்லை. வேரழுகலும் சேர்ந்தால் மரம் விரைவில் பட்டுப்போகும். ஆகையால் ஆரஞ்சு வைக்க விரும்புவோர் அரசுத் தோட்டக்கலைப் பண்ணையிலோ நம்பத்தக்க நாற்றங்காலிலோ மட்டுமே கன்று வாங்கவேண்டும். நட்டபின் அடித்தண்டில் மண் அணைக்கலாகாது. மழைக்காலத்துக்கு முன் தரையிலிருந்து 2 அடி உயரம் வரை போர்டோ பசையைத் தண்டில் பூசுவது வேரழுகலைத் தடுக்கும். மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ ஆகியவற்றைத் தனித்தனியே கரைத்து, இரண்டையும் சேர்த்து மொத்தம் 10 லிட்டர் நீரில் கலந்தால் இப்பசை கிடைக்கும். மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தையே உபயோகிக்கவேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது.

முதல் இரண்டு கோடைகள்

ஒரே நாளில் நட்ட இரண்டு கன்றுகளில் ஒன்று தழைப்பதும் ஒன்று காய்வதும் பெரும்பாலும் முதற்கோடையில் நிர்ணயமாகிறது. மாசி முதல் வைகாசி வரை சுமார் 120 நாள். நான்கு நாளைக்கு ஒரு குடம் வீதம் ஒரு கன்றுக்கு 30 குடம் வேண்டும். பலா, கொய்யா, எலுமிச்சை ஆகிய நான்கு கன்றுகளுக்கும் சேர்ந்து ஒரு கோடைக்கு 120 குடம், அதாவது நாளொன்றுக்கு ஒரு குடமே ஆகிறது. சமையற்கட்டில் கழுவிய நீரே இதற்குப் பெரும்பாலும் போதும். ஒவ்வொரு நாளும் ஒரு கன்று என்று முறை வைத்துக்கொண்டால், ஐந்தாம் நாள் முதற்கன்றுக்கு மறுபடியும் முறை வரும். நாள்தோறும் எல்லாக் கன்றுகளுக்கும் சிறிது சிறிதாகத் தெளிப்பதால் வேர் மேலேயே பரவி வெயிலில் வாடும். ஒரு குடத்தை முழுமையாக ஊற்றினால் வேர் ஆழத்தில் இறங்கும்.

நீரின் தேவையைக் குறைப்பது மூடாக்கு. சாமை வைக்கோல், பலா இலை, காய்ந்த புல் முதலியவற்றைக் கன்றைச் சுற்றி நான்கு விரற்கடை கனத்துக்குப் பரப்பினால் மண்ணின் ஈரம் காக்கப்படும், களையும் அடங்கும். தண்டைச் சுற்றி அரையடி மட்டும் வெறுமையாக விடவேண்டும். இல்லையேல் கறையானும் அழுகலும் சேரும். ஆடு எட்டாதபடி முள் வேலி ஒன்றும் அவசியம். நுனி கடிபட்ட பலாக் கன்று ஓராண்டு பின்தங்கிவிடும்.

இரண்டாவது கோடையிலும் இதே முறை. மூன்றாம் ஆண்டு முதல், கடும் வறட்சியன்றி நீர் ஊற்றவேண்டியதில்லை. தொழு எருவை முதல் ஆண்டில் 10 கிலோ, பின் ஆண்டுக்குப் பத்துப் பத்தாக உயர்த்தி 50 கிலோ வரை, மழைத் தொடக்கத்தில் இடலாம். கிளைகளின் நுனிக்கு நேர் கீழே வட்டமாக இட்டு மண்ணால் மூடவேண்டும். அடித்தண்டருகே இடுவதால் பயனில்லை.

காய்க்கத் தொடங்கியபின்

பலா காய்க்கத் தொடங்கும் ஆண்டில் பலர் வீணாகக் கவலைப்படுகின்றனர். சிறு பிஞ்சுபோல் தோன்றுபவை கறுத்து உதிர்வதைக் கண்டு நோய் என்று எண்ணுவர். முதலில் தோன்றும் மெல்லிய கதிர்களிற் பெரும்பாலானவை ஆண் பூங்கதிர்கள். மகரந்தம் உதிர்ந்தபின் அவை கறுத்து விழுவது இயற்கையே. அதற்கு மருந்து அடிப்பது வீண் செலவாகும். பருமனான காம்பில் தடித்துத் தோன்றுபவையே பெண் கதிர்கள், அவையே காயாகும். விழுந்து அழுகிய கதிர்களை மட்டும் கூட்டி அப்புறப்படுத்தினால், உண்மையான அழுகல் நோய் பிஞ்சுகளுக்குப் பரவாமல் தடுக்கப்படும். அடிமரத்திலும் பெருங்கிளையிலும் காய்ப்பது பலாவின் தன்மையாதலால், அங்குத் துளிர்க்கும் சிறு குச்சிகளை நீக்கிக் காற்றும் வெளிச்சமும் புகச் செய்யவேண்டும்.

முட்கள் அகன்று மழுங்குவதும், தட்டினால் மந்தமான ஓசை எழுவதும், காம்பருகிலுள்ள இலை மஞ்சளிப்பதும் பலாக்காய் முற்றியதன் குறிகள். காயைக் கயிற்றில் கட்டி மெதுவாக இறக்கவேண்டும். கீழே விழுந்து அடிபட்ட பழம் சீக்கிரம் கெடும். சந்தையிலும் விலை குறையும்.

கொய்யா புதுத் துளிரிலேயே பூப்பதால், பழம் பறித்தபின் கிளை நுனிகளைச் சிறிது வெட்டிவிட்டால் மறுபடியும் துளிர்த்துக் காய்க்கும். பழ ஈ முட்டையிட்ட பழங்கள் விழுந்தவுடன் பொறுக்கி ஆழமாகப் புதைக்கவேண்டும். இச்சிறு வேலையைக் குழந்தைகளும் செய்யலாம். மருந்தின் தேவை பெரிதும் குறையும். வாழைக் குத்தில் தார் ஈனும் வரை ஒரு பக்கக் கன்றை மட்டும் விட்டு மற்றவற்றை நீக்கவேண்டும்.

வீட்டுக்கு ஆகும் பயன்

100 கிராம் கொய்யாப் பழத்தில் சுமார் 200 மில்லிகிராம் வைட்டமின் சி உள்ளது. ஆரஞ்சுப் பழத்தில் உள்ளதைக் காட்டிலும் இது பன்மடங்கு அதிகம். பப்பாளி கண்ணுக்கு வேண்டிய சத்தைத் தருகிறது. பலாச் சுளையோடு கொட்டையும் உணவாகிறது. இலை ஆடுகளுக்குத் தீவனம். முதிர்ந்த மரம் சாமான்களுக்கு உதவும். நிற்கும் மரத்திலேயே மிளகுக் கொடியை ஏற்றலாம். சாமை, தினை, கேழ்வரகு முதலிய தானியங்களின் இடத்தில் மரவள்ளி மிகுந்துவிட்ட இக்காலத்தில், வீட்டில் விளையும் பழம் வெறும் ருசிப் பொருள் அன்று. உணவின் குறையை ஈடுசெய்யும் பொருளாகும். ஆகவே தோட்டத்து மரங்களை விலை பேசினாலும், வீட்டுக் கொல்லையிலுள்ள மரங்களையேனும் குடும்பத்தின் உபயோகத்துக்கென ஒதுக்கிவைப்பது உத்தமம்.

வேலைகளின் சுருக்கம்

சித்திரை, வைகாசி: குழி வெட்டி ஆறவிடுதல், முன்பு நட்ட கன்றுகளுக்கு நீர் ஊற்றுதல்.
ஆனி: குழி நிரப்புதல், பிறைக்கரை கட்டுதல், எரு இடுதல், பலாக்கொட்டை ஊன்றுதல்.
ஆடி, ஆவணி: கன்று நடுதல், முள் வேலி கட்டுதல்.
புரட்டாசி முதல் கார்த்திகை வரை: நீர் தேங்காமல் வடித்தல், ஒட்டின் கீழ்த் துளிர் கிள்ளுதல். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்குப் பெருமழைக்கு முன்னரே பசை பூசுதல்.
மார்கழி, தை: களை நீக்கி மூடாக்குப் பரப்புதல்.
மாசி, பங்குனி: நாள்தோறும் ஒரு கன்றுக்கு ஒரு குடம் நீர்.

இவற்றுள் குழி வெட்டுதல் ஒன்றே கடினமான வேலை. அது ஒரு மரத்துக்கு ஒரு முறை மட்டுமே. மற்றவை காலையிலும் மாலையிலும் வீட்டு வேலையோடு முடியக்கூடியவை. இவ்வாண்டு ஆடியில் ஒரு பலாவும் ஒரு கொய்யாவும் மட்டும் வைத்து, இரண்டு கோடை தவறாமல் காத்து, அவை நிலைத்தபின் மற்றவற்றை வைப்பவர் நஷ்டமடையார். பத்துக் கன்றுகளை ஒருங்கே வாங்கி நட்டு, வைகாசிக்குள் எட்டை இழப்பதைவிட, இரண்டை வைத்து இரண்டையும் காப்பாற்றுவதே குறைந்த பிரயாசையில் பழம் பெறும் வழியாகும்.